கருவமேடு மலை ரயில் நிலையம்: ஒரு முழுமையான வரலாறு

மலை ரயில் நிலையம் என்றதும் ஊட்டி, குன்னூர் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களுக்காக இந்த வரலாற்றை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் மிக இளைய மலையும் அதில் அமைந்த மிக உன்னதமான ரயில் நிலையமும் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, எங்கள் கருவமேட்டில் இருக்கின்றன. மலைக்கு வயது எட்டு மாதம்.

'கருவமேடு வரலாற்று மீட்புப் பேரவை'யின் செயலாளர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் மணவாளன் ஆகிய நான் உண்மையை மறைக்க மாட்டேன். போன ஆவணி வரைக்கும் எங்கள் ஊரில் மலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்வயல். அதற்கு அப்பால் வேறு ஆளின் நெல்வயல். ரயில் நிலையமும் வெறும் ஹால்ட்தான். ஒரு பிளாட்பாரம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு மஞ்சள் பலகை. கொட்டகைக்குள் சார்லஸ். அவர் ரயில்வே ஊழியர் அல்ல. பெரிய ஸ்டேஷனில் டிக்கெட்டுக் கட்டை வாங்கி வந்து இங்கே கமிஷனுக்கு விற்கும் ஏஜென்ட். காலை ஆறு நாற்பதுக்குக் கடலூர் பாசஞ்சர் ஒரு நிமிடம் நிற்கும். இருபது, இருபத்தைந்து பேர் ஏறுவார்கள். எந்த வரலாற்று உணர்வும் இல்லாமல் இப்படியே நாற்பது வருடம் வீணாகிவிட்டது.

இந்த இழிநிலையைத் துடைத்தவர் பேரவைத் தலைவர் கலியமூர்த்தி. இரண்டு ஜேசிபி, ஒரு டிப்பர் லாரி வைத்திருக்கிறார். ஊர் மண்ணின் மீது அவருக்குள்ள பற்றை அனைவரும் அறிவர். ஒருநாள் அவசரக் கூட்டம் போட்டு, செல்போனில் ஒரு அறிவிப்பைக் காட்டினார். 'மலையக நிலைய மாண்புத் திட்டம்'. மலைப்பகுதி ரயில் நிலையங்களைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்து, அலங்கார வளைவும் செல்ஃபி மேடையும் கட்டித் தருவார்கள்.

"தலைவரே, மலைப்பகுதின்னு போட்டிருக்கே" என்றேன்.

"மஞ்ச பலகைய பாருங்க வாத்தியாரே. கடல் மட்டத்துக்கு மேல நாலு மீட்டர்னு ரயில்வேகாரனே எழுதி வச்சிருக்கான். மேலதான? கீழ இல்லியே?"

என் முப்பது வருட ஆசிரியர் அனுபவத்தில் அப்படியொரு தர்க்கத்தைக் கண்டதில்லை. விண்ணப்பித்தோம். பதில் வந்தது: 'நான்கு மீட்டர் என்பது மலைக்குரிய உயரத்தைவிடச் சற்றே குறைவாக உள்ளது. குறையை நிவர்த்தி செய்து மீண்டும் அனுப்பவும்.' அந்தச் 'சற்றே'யில் எத்தனை கருணை! தலைவர் அன்றே ஜேசிபியை ஸ்டார்ட் செய்தார்.

ஏரியில் தூர் வாரிக் கரையில் போட்டிருந்த மண் வந்து இறங்கியது. மலையை எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. நிலையத்துக்குப் பின்னால் வைத்தால் படத்தில் எடுப்பாக இருக்கும். ஆனால் பின்னால் இருப்பது தலைவரின் வயல். இடப்பக்கம் தலைவருடைய மச்சானின் வயல். வலப்பக்கம் அதே மச்சானின் பைக் ஸ்டாண்டு. எனவே பொதுநலம் கருதி, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் வைத்தோம். அதாவது ஊரிலிருந்து பிளாட்பாரத்துக்குப் போகும் பாதையில்.

ஐந்தே நாளில் மலை எழுந்தது. இமயமலைக்குப் பல கோடி வருடம் பிடித்ததை வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆறாம் நாள் காலையில் பொன்னி வந்து நின்றாள். கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்த வேலை அவளுக்கு. எட்டு மணிக்குள் போய்க் கைரேகை வைத்தாக வேண்டும்.

"என்னா மாமா இது? போற வழியில கொண்டாந்து கொட்டிட்டீங்க. எப்புடி வண்டி ஏறுறது?"

"மொதல்ல மலை ஏறு, அப்பறம் வண்டி ஏறு" என்றார் தலைவர். "ஊட்டில அப்புடித்தான் போறாங்க."

"சுத்திப் போவலாம்னா வயலுக்கு வேலி போட்டுட்டீங்க."

"அது பாதுகாக்கப்பட்ட மலையடிவாரம்மா."

"மாமா, இந்த மண்ணால ஏற்கெனவே ரெண்டு நாள் லேட்டு. இன்னும் ஒரு நாள் லேட்டானா வேலைக்கே வராதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். எங்க வூட்டுக்காரரு கால் ஒடிஞ்சு கெடக்குறாரு. என் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது."

அவளுடைய குறுகிய பார்வை எனக்கு வருத்தமாக இருந்தது. "பொன்னி, கொஞ்சம் பெருசா யோசிச்சுப் பாரு. ஒரு மலை பொறக்குறத கண்ணால பாக்குற பாக்கியம் எத்தன பேருக்குக் கெடைக்கும்?" என்றேன்.

"பாக்கியம் கெடக்கட்டும் சார். ஒரு ஆளு போற அளவுக்கு வழி விடுங்க, போதும்."

மலைக்கு நடுவே வழி விட்டால் அது கணவாய் ஆகிவிடும். கணவாய்க்குத் தனிப் படிவம். ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

ஐப்பசி பிறந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. ஏறிய ஜனங்கள் எல்லோரும் ஏறிய வேகத்திலேயே இறங்கினார்கள், உட்கார்ந்தபடி. நிலச்சரிவு! அசல் மலை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஓடிப்போய்ப் படம் எடுத்தேன். அதில் பொன்னி முழங்கால் வரைக்கும் சேறாக நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஆறு நாற்பது வண்டி புறப்பட்டுப் போகிறது. கலையழகு மிக்க படம். பேரவை வெளியிட்ட வரலாற்று நூலில் முழுப் பக்கத்துக்கு வண்ணத்தில் போட்டிருக்கிறோம். அன்று அவளுக்கு மூன்றாவது லேட்டு. வேலை போய்விட்டது.

மற்றவர்கள் மினிபஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து சார்லஸ் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், நேத்து மொத்தமே ரெண்டு டிக்கெட்டு."

"யாரு எடுத்தது?"

"ரெண்டும் நான்தான் சார். ஒன்னு போவுறதுக்கு, ஒன்னு வர்றதுக்கு. நான் போவவும் இல்ல, வரவும் இல்ல. விக்கலன்னா ஹால்ட்ட எடுத்துடுவாங்க சார். மலைய ஒரு ஓரமா தள்ளி வையுங்களேன்."

"மலைய நகத்துனா பூகம்பம்னு எழுதணுமே சார்லஸ்" என்று பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பினேன்.

தை மாதம் மேலிடத்துக் கடிதம் வந்தது. 'போதிய பயணிகள் இன்மையால்' கருவமேட்டில் இனி எந்த வண்டியும் நிற்காது. சார்லஸ் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் புவனகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போனார். பேரவையைக் கலைத்துவிடலாம் என்று நானே சொன்னேன். தலைவர்தான் திட்ட விதிகளைப் பிரித்து ஒரு வரியைக் காட்டினார். 'பயன்பாட்டில் இல்லாத நிலையங்களுக்கு முன்னுரிமை.' பேரவை எழுந்து நின்று கைதட்டியது. யோசித்துப் பார்த்தால் அது நியாயம்தான். ரயில் நிற்கிற நிலையத்துக்கு வரலாறு எழுதுவது, உயிரோடு இருப்பவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவது மாதிரி. ஒட்டலாம், ஆனால் எடுப்பாக இருக்காது.

போன வாரம் அலங்கார வளைவுக்குத் திறப்பு விழா. ஆய்வுக்கு ஒரு அதிகாரி அம்மாள் வந்தார், காரில். மழையில் கரைந்து மலை ஐந்தடிக்கு வந்திருந்தது.

"மலை எங்க?" என்று கேட்டார்.

"நீங்க நிக்கிறதுதான் மேடம்."

அவர் குனிந்து பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி நிற்காமல் கடந்து போனது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எங்கள் வளைவைப் படம் எடுத்துக்கொண்டே போனார்கள். நாங்கள் கையசைத்தோம்.

விழாவின் உச்சம் கருங்கல் கல்வெட்டுத் திறப்பு. 'இவ்விடத்தில் கருவமேடு மலையை எழுப்பியோர்' என்று தலைப்பு. கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள், தகப்பனார் பெயரோடு. மண் கொட்டத் தொடங்கிய தேதி, முடித்த தேதி. தலைவரின் விருப்பப்படி ஜேசிபியின் பதிவு எண்ணும் அவருடைய செல்போன் எண்ணும். வாடகைக்குக் கேட்கிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், பொன்னி கல்வெட்டுக்கு முன்னால் செல்போனோடு நிற்கிறாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"வா பொன்னி. உனக்கும் வரலாத்துல ஆர்வம் வந்துடுச்சா?"

"ஆமா சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஒங்க பேரு மறையுது."

நான் தள்ளி நின்றேன். நாலைந்து படம் எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்து, எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள்.

"கலெக்டர் ஆபீசுல மூணு மனு குடுத்தேன் சார். வழிய அடச்சது யாரு, என்னிக்கு அடச்சாங்க, ஆதாரம் வேணும்னு மூணையும் திருப்பிட்டாங்க. ஊர்ல ஒருத்தரும் எனக்காவ வாயத் தொறக்கல. நீங்கதான் சார் அப்பா பேரு மொதக்கொண்டு போட்டு வச்சிருக்கீங்க. நாளைக்கு நாலாவது மனு."

போய்விட்டாள். தலைவர் வேர்த்து வழிந்துகொண்டு என் காதைக் கடித்தார். "வாத்தியாரே, இது வெறும் கல்லுதான? இதெல்லாம் ஆதாரம்னு செல்லாதுல்ல?"

வரலாற்று ஆசிரியன் பொய் சொல்லக் கூடாது. கல்வெட்டை மிஞ்சிய ஆதாரம் உலகத்திலேயே கிடையாது என்று நூலின் முன்னுரையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருப்பவன் நான்தான்.