மலையாடு மலையேற அனுமதி கேட்ட கதை

ஒரு காட்டில், மழைக்குப் பதிலாகப் பனி பெய்யும் உயரத்திலிருந்த ஒரு காட்டில், வெற்பன் என்று ஒரு மலையாடு இருந்தான். காடு என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்வது. அதில் பாதியைக் கரடிகள் வளைத்துப் போட்டு, வேலி கட்டி, ‘குளிர்ச்சிபுரி பனிச்சறுக்கு உல்லாச மையம்’ என்று பலகை மாட்டியிருந்தன. சமவெளியிலிருந்து யானைகள் குடும்பம் குடும்பமாகக் கம்பளிக் குல்லாவோடு வந்தன. காலுக்கு ஒன்றாக நாலு சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வழுக்கி வந்தன. வந்ததும் மறுபடி மேலே போக வரிசையில் நின்றன. இதில் என்ன சுகம் என்று கேட்காதீர்கள், யானைகளுக்கே தெரியாது.

மேலே மலைச்சரிவில் புதுப்பனி குவிந்தால் ஆபத்து. எந்த நேரத்திலும் அது மொத்தமாகச் சரிந்து கீழே இருப்பவர்களை மூடிவிடும். யானைகள் மூடப்பட்டால் மையத்துக்குக் கெட்ட பெயர். அதனால் பனி பெய்த மறுநாள் காலையில் கரடிகள் வெடி வைத்து அந்தப் பனியைத் தாங்களே முதலில் சரித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். வெடி வைக்கும்போது சரிவில் யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவே விதி.

வெற்பனின் குகை அந்தச் சரிவுக்கு மேலே, முகட்டைத் தாண்டி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. கர்ப்பிணி மனைவி சாரலுக்குக் காய்ந்த புல் தேடி முந்தின நாள் கீழே இறங்கியவன் பனியில் மாட்டிக்கொண்டான். விடிந்ததும் ஒரு காகம் பறந்து வந்தது.

“அண்ணே, அண்ணிக்கு வலி எடுத்துடுச்சு. உங்களத்தான் கேக்குறாங்க.”

தலைச்சன் பிரசவம். வெற்பனுக்குக் கை கால் ஓடவில்லை. கை கிடையாது என்பதால் நாலு காலும் ஓடவில்லை.

அவன் வேலியைத் தாண்டிக் குதித்திருக்கலாம். அவன் கண்ணெதிரிலேயே ஒரு முயல் வேலிக்கடியில் நுழைந்து, யாரையும் கேட்காமல் மேலே ஓடி, முகட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தது. ஆனால் வெற்பன் சட்டத்தை மதிக்கிற ஆடு. நேராக அனுமதி அலுவலக ஜன்னலுக்குப் போனான். உள்ளே நரி உட்கார்ந்திருந்தது.

“எங்க போகணும்?”

“வீட்டுக்கு சார்.”

“வீட்டுக்குன்னு இந்தப் படிவத்துல இடமே இல்ல. ‘எல்லை தாண்டிய மலையேற்றப் பொழுதுபோக்கு’ன்னுதான் இருக்கு.”

“பொழுதுபோக்கு இல்ல சார். பொண்டாட்டிக்குப் பிரசவம்.”

“அப்ப குடும்பப் பொழுதுபோக்குன்னு எழுதுங்க. சறுக்குக் கட்டை எங்க?”

“எனக்குக் குளம்பு இருக்கே சார். நான் பொறந்ததே அந்தப் பாறையிலதான்.”

“கட்டை இல்லாம மேல ஏற விடமாட்டோம். கட்டைக்கு அடியில, வழுக்காம இருக்கத் தோல் ஒட்டியிருக்கணும். ஆட்டுத் தோலா இருந்தா நல்லாப் பிடிக்கும்.”

நரி அவனை ஏற இறங்கப் பார்த்தது. வெற்பன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். கடைசியில் நரி யாரோ விட்டுச்சென்ற பழைய கட்டைகள் நாலைக் கொடுத்தது. கழுத்தில் ஒரு பெட்டியையும் மாட்டிவிட்டது. பனிக்குள் புதைந்தால் அது பீப் பீப் என்று கத்தி இடத்தைக் காட்டும், அலுவலகத்தோடு பேசவும் உதவும். பிறகு பதிவேட்டைத் திறந்து, ‘சரிவில் இருப்போர்: ஒருவர்’ என்று எழுதியது. வெற்பனுக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளை பிறந்ததும், ‘அப்பா முறைப்படி அனுமதி வாங்கி வந்தேன்’ என்று சொல்லலாம்.

கால் மணி நேரத்தில் தாவி ஏறுகிற மலையில் அன்றைக்கு அவன் ஒரு மணி நேரமாகத் தடுமாறினான். ஒரு கட்டை இடப்பக்கம் போனால் இன்னொன்று வலப்பக்கம் போனது. பாதிச் சரிவுக்கு வந்தபோது கீழே யானைகள் பிளிறுவது கேட்டது. சறுக்கு ஏன் இன்னும் திறக்கவில்லை என்று அவை சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கழுத்துப் பெட்டியில் மேலாளர் கரடியின் குரல் வந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம்யா ஆகும்? நீ மேல இருக்கிற வரைக்கும் எங்களால வெடி வைக்க முடியல.”

“இந்தக் கட்டையோட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் சார். கழட்டிட்டா பத்தே நிமிஷம்.”

“கழட்டினா விதிமீறல்.”

 பெட்டிக்குள் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு நரி பேசியது.

“ஒரு தகவல். உங்க அனுமதி இந்த நிமிஷத்தோட ரத்து.”

“ஏன் சார்?”

“பாதுகாப்புக் காரணம். பேர அடிச்சாச்சு.”

“நான் நடுச்சரிவுல நிக்கிறேன் சார்!”

“அது நீங்க சொல்றது. பதிவேட்டுப்படி சரிவுல யாரும் இல்ல.”

வெடி வெடித்தது. மேலே பனி ஒரு கோடு கிழித்ததுபோல் பிளந்தது, அப்புறம் மலையே கிளம்பி வந்தது. வெற்பன் கட்டைகளை உதறப் பார்த்தான், முடியவில்லை. கண் திறந்தபோது எந்தப் பக்கம் வானம், எந்தப் பக்கம் தரை என்று தெரியவில்லை. மூச்சு விடக் கொஞ்சம்தான் இடம் இருந்தது. பிள்ளை முகத்தைப் பார்க்காமலே செத்துவிடுவேன் என்று நினைத்து அழுதான். பெட்டி மட்டும் பீப் பீப் என்று விசுவாசமாகக் கத்திக்கொண்டிருந்தது.

மீட்புப் படை நாய் தோண்டி அவனை வெளியே இழுத்தது.

“ஐயையோ, உயிரோட இருக்கீங்களே!” என்றது. அந்தக் குரலில் பாதி சந்தோஷம், பாதி கவலை.

கவலைக்குக் காரணம் பின்னாலேயே பனிவண்டியில் வந்து இறங்கியது. மேலாளர் கரடி வெற்பனைப் பார்த்து, “இது யாரு?” என்று கேட்டது.

“சரிவுல இருந்தவர் சார்,” என்றது நாய்.

“சரிவுலதான் யாரும் இல்லையே. ஏழு வருஷமா விபத்தே நடக்காத மையம்யா இது. விபத்துன்னா விசாரணை வரும். விசாரணை முடிய ஏழு நாள் இவன் முதலுதவிக் கொட்டகையை விட்டு நகரக் கூடாது.”

“ஏழு நாளா? அவ அங்க தனியாக் கெடக்கா சார்!” என்று வெற்பன் கதறினான்.

வண்டியிலிருந்து நரி இன்னொரு படிவத்தோடு இறங்கி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

“மாசத்துக்கு ஒருக்கா ஒரு பொம்மையப் பனியில புதைச்சு, தோண்டி எடுத்து, ஒத்திகை நடத்தணும் சார். இந்த மாசம் இன்னும் நடத்தல.”

மூன்று பேரும் வெற்பனைப் பார்த்தார்கள். நரி மளமளவென்று எழுதியது. ஒத்திகை: வெற்றி. பொம்மையின் நிலை: நன்று.

“இங்க குளம்ப வைங்க.”

“பொம்மை கையெழுத்துப் போடுமா சார்?”

“நல்ல பொம்மை போடும்.”

வெற்பன் குளம்பை வைத்தான். வைத்துவிட்டு மெல்லக் கேட்டான். “பொம்மை முகட்டுக்குப் போகணும்னா என்ன அனுமதி வாங்கணும்?”

“பொம்மைக்கு எதுக்குய்யா அனுமதி?” என்றது கரடி. “ஒத்திகையோட ரெண்டாம் பாகமே முகட்டுலதான். தூக்கி வண்டியில போடுங்க.”

ஐந்தே நிமிடம். கட்டை இல்லை, தோல் இல்லை, படிவம் இல்லை. வெற்பன் மல்லாந்து படுத்தபடியே தன் வாழ்நாளில் முதல்முறையாக மலையேறாமல் மலையுச்சிக்குப் போனான். இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று சிரிப்பு வந்தது. வண்டி அவனை முகட்டுப் பனியில் இறக்கிவிட்டுத் திரும்பியது. நாய் மட்டும் காவலுக்கு நின்றது.

“அண்ணே, அசையாதீங்க,” என்று கிசுகிசுத்தது. “கம்பத்துல கேமரா இருக்கு. கீழ யானைங்க பெரிய திரையில பாக்குதுங்க. அஞ்சு மணிக்கு விசில் அடிச்சாத்தான் ஒத்திகை முடியும். அதுக்குள்ள அசைஞ்சா விபத்து. ஏழு நாள்.”

குகை இருபது அடி தூரத்தில் இருந்தது. உள்ளே சாரல் முனகினாள். பிறகு ஒரு மெல்லிய குரல், இதுவரை அந்த மலை கேட்டிராத குரல், “மே” என்றது.

வெற்பன் அசையவில்லை.

வெகுநேரம் கழித்துச் சாரல் வெளியே வந்தாள். பின்னால் ஈரம் காயாத குட்டி, கால்கள் நாலு திசைக்கும் போக, தள்ளாடி வந்தது.

“என்னங்க! வந்துட்டீங்களா! ஏன் இப்படிக் கெடக்கறீங்க?”

வாய் அசையாமல் வெற்பன் சொன்னான். “அஞ்சு மணி வரைக்கும் நான் பொம்மைடி.”

சாரல் அவனைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. குட்டி அவன் மூக்கை முகர்ந்து, வழுக்கி விழுந்து, எழுந்தது. அதை ஒரு தடவை நக்கிக்கொடுக்க அவன் உடம்பெல்லாம் தவித்தது.

“அப்பாவத் தொந்தரவு பண்ணாத கண்ணு,” என்றாள் சாரல். “அவரு ஆபீஸ் வேலையா இருக்காரு.”

குட்டி அவன் வயிற்றோடு ஒட்டிப் படுத்துத் தூங்கிப்போனது. கழுத்துப் பெட்டியில் யானைகளின் ஆரவாரம் கேட்டது. பொம்மைக்குக் கண்ணில் தண்ணீர்கூட வைத்திருக்கிறார்களே, என்ன தத்ரூபம் என்று ஒரு யானை வியந்துகொண்டிருந்தது.

நீதி: உயிருள்ளவர் மலையேற அனுமதி, கட்டை, தோல், பெட்டி எல்லாம் வேண்டும், பொம்மைக்கு எதுவும் வேண்டாம். ஆகவே பிள்ளைகளே, சீக்கிரம் வீடு போய்ச் சேர விரும்பினால், அசையாமல் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.