இனிஷியல் வெட்டிய மாப்பிள்ளை

“மாப்ள, ‘மு’ன்னா யாருங்க?”

போனில் வருங்கால மாமனார் வேணுகோபால் கேட்டது தமிழ்மாறனுக்குப் புரியவில்லை.

“எந்த மு, மாமா?”

“நீங்க அடிச்சுக் குடுத்த கல்யாணப் பத்திரிகைக் கவர்ல ‘மு, சிறுவாச்சூர்’னு போட்டிருக்கு. இன்னொண்ணுல வெறும் ‘கொ’. அப்புடி ஊருல ஆளே கெடையாது. தபால்காரரு அம்புட்டையும் நம்ம வூட்டுலயே கொட்டிட்டுப் போயிட்டாரு.”

தமிழ்மாறன் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வாத்தியார். இது நடந்தது இரண்டாயிரத்து நான்கில். கம்ப்யூட்டர் என்றாலே நம்பிப் பெண் கொடுத்த காலம். பையன் சும்மா இருந்திருக்கலாம். “கவர்ல பேரைக் கையாலயா எழுதுவீங்க? நான் ப்ரோக்ராம் போட்டுத் தரேன் மாமா” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

மாமனாரின் பட்டியலில் ஊருக்கு ஒரு வரி. வரிக்குள் பேருக்கும் பேருக்கும் நடுவே ஒரு புள்ளி. புள்ளி வருகிற இடத்திலெல்லாம் வெட்டு என்று எழுதினான். ‘மு.ராசாங்கம்.கொ.மாயவன்’ என்று போகிற வரியில் இனிஷியலுக்குப் பின்னாலும் ஒரு புள்ளி இருப்பது அந்த மூளைக்கு உறைக்கவில்லை. மு வேறு, ராசாங்கம் வேறு என்று கம்ப்யூட்டர் கூறு போட்டுவிட்டது.

“சின்னத் தப்புதான் மாமா. உடனே சரி பண்ணிடுறேன்.”

தனியாக நின்ற எழுத்தைப் பக்கத்துப் பேரோடு ஒட்டச் சொன்னான். அவசரத்தில் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. புதுக் கவர்களை மாமனாரே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாளே போன்.

“மாப்ள, எங்கண்ணன் ராசாங்கம் குதியோ குதின்னு குதிக்கிறாரு. மாயவனோட அப்பன் இனிஷியல அவருக்குப் போட்டிருக்கீங்களாம். ‘எங்க ஆத்தாளப் பத்தி அந்தப் பய என்ன நெனச்சான்?’னு கேக்குறாரு.”

தமிழ்மாறனுக்குக் காது சுட்டது. இந்தச் சனியனே வேண்டாம் என்று, தனியாக நிற்கும் ஒற்றை எழுத்தையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லிவிட்டான். அதோடு நின்றானா? ஆசை மிகுதியில் பட்டியலின் தலையில் ‘வே.சத்யப்பிரியா பி.ஏ.’ என்று கல்யாணப் பெண்ணையும் சேர்த்து, அவளுக்கும் ஒரு கவர் அடித்தான். எதையும் திருப்பிப் பார்க்காமல் கட்டிக் கொடுத்தனுப்பினான்.

அடுத்த நாள் ராசாங்கமே சென்டருக்குள் நுழைந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

“ஏன் தம்பி, நேத்து எனக்கு வேற அப்பன். இன்னைக்கு அப்பனே இல்லியா?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“பெரிய மாமா, அது வந்து... கம்ப்யூட்டர்...”

“கம்ப்யூட்டர் கெடக்கட்டும். கல்யாணத்துக்கு நானும் வரல, எங்க பங்காளிவ ஒருத்தனும் வரமாட்டான்!”

தமிழ்மாறன் கூனிக் குறுகிப் போனான். பாடத்தை நிறுத்திவிட்டு சிறுவாச்சூர் பஸ்ஸில் ஏறினான். கல்யாணம் நின்றுபோனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஊரில் நடமாடுவது? சத்யப்பிரியாவை நினைத்தால் அதற்கு மேல் அவமானமாக இருந்தது. கண்டக்டர் சில்லறை கேட்டதற்குக்கூட “மன்னிச்சிடுங்க” என்றான்.

மாமனார் வீட்டில் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே சத்யப்பிரியா மூக்கை உறிஞ்சும் சத்தம். வேணுகோபால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். சோலி முடிந்தது என்று நினைத்துக்கொண்டான் தமிழ்மாறன்.

“மாமா, தப்பு என் மேலதான். வெட்டக்கூடாதத வெட்டிட்டேன். கல்யாணத்த மட்டும் நிறுத்திடாதீங்க.”

வேணுகோபால் நிமிர்ந்தார். “நாங்க நிறுத்துறதா? நீங்க நிறுத்திடுவீங்களோன்னு இல்ல நாங்க பயந்து கெடக்கோம்!”

தமிழ்மாறன் திருதிருவென்று விழித்தான். பெண்ணின் அத்தை அமிர்தவல்லி ஒரு கவரை எடுத்து வந்து அவன் முன்னால் நீட்டினாள்.

“இனிமே மறைச்சு என்ன ஆவப்போவுது மாப்ள? பி.ஏ.வுல ‘ஏ’வ மட்டும் கரெக்டா வெட்டிப்புட்டு ‘சத்யப்பிரியா பி’ன்னு அனுப்பியிருக்கீங்களே, புள்ளைக்கு இன்னும் ரெண்டு பேப்பர் அரியர் இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”