தோஃபுவா கற்களை உடைத்த மருமகள்

லிஃபுகா தீவு,
திங்கட்கிழமை

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய லோசலீன் அக்காவுக்கு,

தம்பி செமிசி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் என் வீட்டுக்காரி கலோவும் பன்றிகளும் நலம். பன்றிகளில் மட்டும் நேற்றோடு ஒன்று குறைந்துவிட்டது. நீங்களும் அத்தானும் அங்கே நலம்தானே?

நிற்க. உங்கள் மகள் மெலியானேயை உடனே திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். எரிமலைக் கல்லை ஆராய வந்தவள் தோஃபுவா எரிமலைத் தீவுக்குப் போயிருக்கவேண்டும். கடல் கொந்தளித்ததில் படகு கிளம்பவில்லை. புதுப் போதகருக்கு ஞாயிறன்று விருந்து வைப்பதற்காக, பன்றி சுடும் அடுப்புக்குழியில் காயவைத்துப் போட நான் தோஃபுவாவிலிருந்து இறக்கி வைத்திருந்த, இன்னும் தீயே காணாத கற்கள் அவள் கண்ணில் பட்டுவிட்டன. சனிக்கிழமை கிழங்கு தோண்டிவிட்டு வருகிறேன், முற்றமெல்லாம் சல்லி! அக்கா பிள்ளை கை வைத்த பொருளைத் தாய்மாமன் தடுக்கக்கூடாது என்பது நம் முறை. தடுக்கவில்லை, என் தலையில்தான் கை வைத்துக்கொண்டேன்.

“ஏம்மா, இனி பன்னியை எதுல சுடுறது?”

“கோச்சுக்காதீங்க மாமா. கடலடித் தரை நம்ம தீவுக்குக் கீழ சொருகிக்கிட்டே போகுது. ஆழத்துல நசுங்கினதும், அது குடிச்ச தண்ணியெல்லாம் மேல ஏறுது. அந்தத் தண்ணி பட்டுத்தான் மேல இருக்கிற சூட்டுப் பாறை உருகுது. வரும்போதே பேரியத்தையும் ஈயத்தையும் கரைச்சுத் தூக்கிட்டு வந்துடும். நியோபியம்னு ஒரு உலோகம் மட்டும் அசையாம கீழயே கிடக்கும். அதான் நம்ம கல்லுல அது ரொம்பக் கம்மி.”

“அப்படியே உங்க மாமா மாதிரின்னு சொல்லு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் எந்திரிக்காது,” என்றாள் கலோ.

வேறு வழியின்றி ஞாயிறு விடியலில் பவளக்கல்லைப் போட்டு மூட்டினேன். அது பட்டாசு மாதிரி வெடித்துச் சுண்ணாம்பாய்ச் சிதற, பன்றி ஒரு பக்கம் பச்சையாக, மறுபக்கம் வெள்ளையடித்த சுவராக வெளியே வந்தது. அதற்குள் போதகர் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார். நான் வாழைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உங்கள் மகளோ கொஞ்சமும் அசராமல் தான் உடைத்த தோஃபுவா கல்லில் ஒரு சில்லை அவர் கையில் கொடுத்து, மறுபடியும் கடலடியிலிருந்து ஆரம்பித்தாள். மனிதர் பன்றியையே மறந்துவிட்டார். “அப்ப, இந்த நெருப்பை மூட்டினதே கடல்தானாம்மா?” என்று கேட்டுக் கேட்டு, வெறும் கிழங்கைத் தின்றுவிட்டு, மாலை ஆராதனையில் அதையே பிரசங்கமும் செய்தார். “சொல்லிக் கொடுத்தது நம்ம செமிசியோட மருமக,” என்றார். சபையே திரும்பி என்னைப் பார்த்தது. நெஞ்சு நிமிர்ந்துதான் போயிற்று, மறைப்பானேன்? ஆனாலும் என் முடிவு மாறாது. அடுத்த படகிலேயே ஏற்றிவிடுகிறேன். சுத்தியலோடு அவள் இனி இந்தத் தீவில் கால் வைக்கக்கூடாது.

அத்தானுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு முத்தங்கள். ஜெபத்தில் எங்களையும் மிச்சப் பன்றிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோபம் தணியாத தம்பி,
செமிசி

பின்குறிப்பு: கடல் அடங்கிவிட்டது. நாளைக் காலை தோஃபுவாவுக்கு அவளோடு நானும் போகிறேன். பிள்ளை தனியாகக் கல் சாக்கு தூக்குவாளா? போதகரும் வருகிறார். கிறிஸ்துமஸ் முடியும்வரை அவளைத் திருப்பிக் கேட்காதீர்கள், அனுப்பமாட்டேன்.