நாற்பத்திரண்டு காலுக்கும் ஒரே ரேட்

ஒரு காட்டில் செங்கமலம் என்றொரு பூரான் இருந்தது. இந்தக் கதையில் ஓரிடத்தில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள், அதற்கு நான் கியாரண்டி. எந்த இடம் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தப் பத்தி இல்லை. அடுத்த பத்தியும் இல்லை. அதில் மழை, வாடகை என்று குடும்பக் கஷ்டம் வருகிறது, அங்கே சிரித்தால் பாவம்.

செங்கமலம் ஓடைக்கரையில் ஒரு கல்லுக்கு அடியில் குடியிருந்தது. மழை வந்தால் அந்த இடம் முழுகிவிடும். மழையோ வரப்போகிறது. "காற்றழுத்தத் தாழ்வு நிலை, தாழ்வு மண்டலமாக வலுப்பெறக்கூடும்" என்று தவளை காலையிலிருந்து மூக்கால் வாசித்துக்கொண்டிருந்தது. மேட்டில் ஒரு வளை வாடகைக்குக் காலியாக இருந்தது. சொந்தக்காரர் பெருச்சாளி கோதண்டம்.

"அட்வான்ஸ் ஆயிரம். சாயங்காலத்துக்குள்ள வரணும்மா. தேள் குடும்பம் ஒண்ணு ரெண்டு வாட்டி வந்து கேட்டுட்டுப் போயிடுச்சு" என்றார் கோதண்டம்.

செங்கமலத்தின் கையில், அதாவது காலில், ஆயிரத்து ஐந்நூறு இருந்தது. ஆக வளை கிடைத்த மாதிரிதான். கிளம்புகிற நேரத்தில் இடதுபக்கம் ஒரு கால் மரத்துப்போனது. கிள்ளிப் பார்த்தது. அது கால் மாதிரியே இல்லை, யாரோ வைத்துவிட்டுப் போன குச்சி மாதிரி இருந்தது.

டாக்டர் ஆந்தை அந்தக் காலைக் கண்ணாடி இறக்கிப் பார்த்தது, கண்ணாடி ஏற்றிப் பார்த்தது. "ம்ம்ம். நரம்பு டெஸ்ட் ஒண்ணு எடுத்துருவோம். லேசா கரண்ட் வெச்சு, நரம்புல எவ்வளவு வேகமாப் போகுதுன்னு பார்ப்பாங்க. அந்த ஒரு கால் போதும்."

டெஸ்ட் சென்டரில் நரி உட்கார்ந்திருந்தது. பெயர் பத்மஜா. நரி என்றதும் 'ஆகா, ஏமாற்றப்போகிறது' என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். இந்த நரி ஒரு பைசா கூட அதிகம் கேட்காது. கடைசிவரை கேட்காது.

"வணக்கம்க்கா, சொல்லுங்கக்கா."

"ஒரு காலுக்கு என்ன ஆகும்?"

"இருநூத்தம்பதுக்கா. ஆனா எதிர்க்காலையும் சேர்த்துப் பார்க்கணும். நல்ல கால் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே கெட்ட கால் எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்ல முடியும்? ரெண்டு காலுக்கு ஐந்நூறு. அவ்வளவுதான்."

செங்கமலம் கணக்குப் போட்டது. ஆயிரம் வளைக்கு, ஐந்நூறு காலுக்கு. அளவெடுத்துத் தைத்த மாதிரி சரியாக இருந்தது. பணத்தை எண்ணி நீட்டியது. நரியும் வாங்கக் கை நீட்டியது. கதை இங்கேயே முடிந்திருக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

நரிக்குப் பின்னால் ஒரு போர்டு தொங்கியது. 'முழு உடம்பு பேக்கேஜ். எல்லாக் கால்களும். ரூ. 900 மட்டுமே.'

"இது என்ன?"

"அது மான், மாடு மாதிரி நாலு கால் இருக்கறவங்களுக்குக்கா. உங்களுக்கு வேண்டாம். டாக்டர் ஒரு காலுக்குத்தான் எழுதியிருக்கார்."

"போர்டுல நாலு கால்னு போட்டிருக்கா?"

நரி திரும்பிப் பார்த்தது. போடவில்லை.

"எல்லாக் கால்களும்னுதானே போட்டிருக்கு? எனக்கு நாப்பத்திரண்டு. தனித்தனியா எடுத்தா பத்தாயிரத்து ஐந்நூறு. பேக்கேஜ்ல தொள்ளாயிரம்." செங்கமலத்தின் மீசைகள் இரண்டும் ஆடின. "ஒன்பதாயிரத்து அறுநூறு மிச்சம்! இதைச் சொல்லாம மறைக்கப் பார்த்தியே, ஏம்மா?"

"அக்கா, உங்களுக்கு மரத்தது..."

"பேசாதே. பில்லைப் போடு."

உள்ளே மெஷின் வைத்திருந்தது ஒரு குரங்குத் தம்பி. முதல் காலில் பட்டையை ஒட்டியது, சுவிட்சைத் தட்டியது, சுருக்கென்று கால் துள்ளியது. இரண்டாவது கால். மூன்றாவது கால். பத்துக் கால் முடிவதற்குள் குரங்குக்கு வியர்த்துவிட்டது.

"அக்கா, டீ குடிச்சிட்டு வந்துடவா?"

"முதல்ல வேலையை முடி. அந்தக் காலுக்கு மூணு ஷாக் வெச்சே, இதுக்கு ரெண்டுதான் வெச்சிருக்கே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"இதுல ரெண்டுலயே தெரிஞ்சிடுச்சுக்கா."

"காசு குடுத்திருக்கேன்ல? வை."

குரங்கு வைத்தது. "ஆ! அம்மா! செத்தேன்!" என்று அலறிவிட்டு, "ம், அடுத்தது" என்றது செங்கமலம்.

முப்பதைத் தாண்டியபோது குரங்கு கையெடுத்துக் கும்பிட்டது. "அக்கா, மரத்த கால் எப்பவோ முடிஞ்சிடுச்சு. மிச்சத்தை விட்டுடலாமே?"

"ஒரு கால் விடுபட்டா இருநூத்தம்பது நஷ்டம். யார் குடுப்பா, நீயா?"

எல்லாக் காலும் முடிந்து, உடம்பு முழுக்க வெடவெடக்க, ரிப்போர்ட்டோடு ஆந்தையிடம் போய் நின்றது. ஆந்தை பக்கம் பக்கமாகப் புரட்டியது.

"நாப்பத்தோரு கால் நார்மல். ஒண்ணு மட்டும் மரத்திருக்கு. இடதுபக்கம்."

"அதை நான்தானே டாக்டர் உங்ககிட்ட சொன்னேன்?"

"கரெக்டா சொல்லியிருக்கீங்க. மெஷினும் அதையேதான் சொல்லுது. வெரி குட்." சீட்டில் ஏதோ கிறுக்கியது. "மழைக்காலம் முடியட்டும், பார்ப்போம். அதுவரைக்கும் அந்தக் காலைத் தண்ணி படாமப் பார்த்துக்குங்க."

சாயங்காலம் ஆகியிருந்தது. வானம் கறுத்து இடி உருண்டது. செங்கமலம் மேட்டுக்கு ஓடியது. கோதண்டம் வளை வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் தேள் குடும்பம், பாத்திரம் பண்டத்தோடு.

"வந்துட்டியாம்மா? அட்வான்ஸ்?"

"இந்தாங்கண்ணே, அறுநூறு. மீதி நானூறை நான் மிச்சம் பிடிச்சதுல இருந்து எடுத்துக்கலாம்."

"எவ்வளவு மிச்சம் பிடிச்சே?"

"ஒன்பதாயிரத்து அறுநூறு."

கோதண்டத்தின் குரலே மாறிவிட்டது. "அட, உள்ள வாங்கம்மா! ஏன் வெளியவே நிக்கறீங்க? டேய் தேளு, கொஞ்சம் தள்ளி நில்லுடா. எடுங்கம்மா."

செங்கமலம் பைக்குள் ஒரு காலை விட்டது. இன்னொரு காலை விட்டது. பிறகு ஒரு வரிசைக் காலையும் விட்டுத் துழாவியது.

"எங்கம்மா இருக்கு?"

"இன்னிக்குத்தான் அண்ணே மிச்சம் பிடிச்சேன். டெஸ்ட் சென்டர்ல. பத்தாயிரத்து ஐந்நூறு ஆக வேண்டியது, தொள்ளாயிரத்துல முடிச்சேன்."

"சரி, அந்தப் பணம்?"

செங்கமலம் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறியது. ரசீதுதான் விழுந்தது. அதன்மேல் ஒரு பெரிய மழைத்துளியும் விழுந்தது. கோதண்டம் அறுநூறைத் திருப்பிக் கையில் திணித்தார். தேள் குடும்பம் ஆயிரத்தை நீட்டிவிட்டு, சோற்றுக் குண்டான் முன்னே போக, வளைக்குள் நுழைந்தது.

கீழே ஓடை இரைய ஆரம்பித்தது. செங்கமலம் நனைந்துகொண்டே தன் கால்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டது:

"அண்ணே... எனக்கு மரத்துப்போனது ஒரே ஒரு கால்தானே?"

நீதி: தள்ளுபடியில் மிச்சமான பணத்தை எந்த வீட்டுக்காரரும் அட்வான்ஸாக வாங்குவதில்லை, ஆகவே, பிறக்கும்போதே கால்களைக் குறைத்துக்கொண்டு பிறக்கவும்.