டிரைவிங் மாஸ்டர் ஒழிக்க நினைத்த கம்ப்யூட்டர்

வீட்டிலிருந்த பன்னிரண்டு வயதுக் கம்ப்யூட்டரை ஒழித்துக்கட்டியே தீருவது என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தார். புதிதாக ஒன்று வந்தால்தான் கார் பந்தயம் விளையாட முடியும். பழையதிலோ, வீட்டிலேயே தையல்கடை நடத்தும் அவர் மனைவி, வாடிக்கையாளர்களின் அளவுகளையெல்லாம் வைத்திருந்தாள்.

"ஆன் பண்ணிட்டுக் குளிச்சு, துவட்டி, தலை சீவிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. தூக்கிப் போட்டுடலாம்."

"ரெண்டு நாள் குடுங்க. விண்டோஸை எடுத்துட்டு, இலவசமாக் கிடைக்கிற லினக்ஸ் போட்டுப் பார்க்கிறேன்."

எப்படியும் தேறாது என்ற தைரியத்தில் மாஸ்டர் தாராளமாகக் கொடுத்தார்.

அளவெடுக்காமல் கத்திரியைத் தொடுகிறவள் அல்ல அவள். முதலில் வாடிக்கையாளர் விவரங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்தினாள். மெமரி எவ்வளவு என்று பார்த்தாள். பிறகு பென்டிரைவிலிருந்தே லினக்ஸில் ஒவ்வொரு வகையாக ஓட்டிப் பார்த்தாள். முதலாவது பார்க்க ஜோராக இருந்தது, நகரத்தான் மறுத்தது.

"ஜரிகை ஜாஸ்தி," என்று தள்ளினாள்.

இரண்டாவது பிரிண்டரைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது கச்சிதமாகப் பொருந்தியது. அதையே ஏற்றி, அதிலும் வேண்டாத மினுக்கல்களைப் பிரித்தெடுத்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். ஆன் செய்ததும் தாமாகவே கிளம்பும் வேலைகளை நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் மாஸ்டர் பட்டனை அழுத்திவிட்டுத் துண்டைத் தேடினார். துண்டு கிடைப்பதற்குள் கம்ப்யூட்டர் தயாராகிவிட்டது.

தோற்றுப்போனாலும் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. முப்பது வருஷமாக வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஓடாத வண்டியை இப்படி ஓடவைத்த ஆளை அவர் பார்த்ததில்லை.

"அசத்திட்டே," என்றார். தெருவில் நாலு பேரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

வந்த பிறகுதான் அந்த யோசனை தோன்றியது. இவ்வளவு வேகமாக ஓடுகிறதே, கார் பந்தயத்தை இதிலேயே ஏற்றினால் என்ன? ஓசைப்படாமல் ஏற்றப் பார்த்தார். பாஸ்வேர்டு கேட்டது.

"ஏம்மா, பாஸ்வேர்டு என்ன?"

"நம்ம கல்யாணத் தேதிதாங்க," என்றாள் அடுத்த அறையிலிருந்து.

போட்டார். தவறு என்றது. மாசத்தை மாற்றினார். தவறு. வருஷத்தையும் மாற்றிப் பார்த்தார்.

"நடுவுல எப்பவாவது மாத்தினியா?"

தையல் மிஷின் நின்றது.

"கல்யாணத் தேதியை எப்படிங்க மாத்தறது? உங்களால திறக்க முடியாத பாஸ்வேர்டா வேணும்னுதானே அதை வச்சேன்."

தையல் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.