மரை கட்டிய பரிசச் சேலை

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது தொழில். கேட்காதவர்களுக்கும் பாடம் சொல்வது வியாதி. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியனாக இருக்கும் எனக்கு இரண்டும் உண்டு. அந்த வியாதியால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்த கதையை எங்கள் சொந்தத்தில் எல்லோரும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். இருந்தாலும், சம்பந்தப்பட்டவன் என்ற முறையில் நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

கலாவை எனக்கு ஹட்டனில் ஆசிரியர் பயிற்சிக் காலத்திலிருந்தே தெரியும். அவளுடைய அப்பா ஓஹியாவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கண்டாக்கு. மலையில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகம் அது. (அவர் இருமினால் கொழுந்துக் கூடை தானாக நிறையும் என்பார்கள்.) அவரைச் சம்மதிக்க வைக்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. கடைசியில் அரை மனதாக, ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை ராகு காலத்துக்கு முன்னால் பரிசம் போட வரச் சொன்னார். முறையில் ஒரு குறை இருந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான் என்றும் சொல்லி அனுப்பினார்.

சொந்தக்காரர்கள் ரயிலில் முன்னாலேயே போய்விட்டார்கள். பரிசத் தட்டுகளோடு வேனில் வந்தது அம்மா, சித்தப்பா, நான், ஓட்டுநர் நிமால் அண்ணன். பட்டிப்பொல தாண்டி ஹோர்ட்டன் சமவெளி வழியாகப் போகலாம் என்று யோசனை சொன்னது யார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். போகிற வழியெல்லாம் புல்லைப் பற்றியும் பனியைப் பற்றியும் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். அம்மா தூங்கிவிட்டார்.

வாகனங்கள் நிறுத்துமிடத்தில் ஒரு மரை நின்றது. மரை என்றால் குதிரை உயரம் வரும் காட்டு மான். இது கிழட்டுக் கடா. தலையில் ஒரு முழத்துக்கும் மேலே கொம்பு. வருகிறவர்கள் தின்னக் கொடுத்துக் கொடுத்து, அது வேன்களைக் கண்டால் ஒதுங்குவதற்குப் பதிலாகக் கிட்டே வரப் பழகியிருந்தது.

சித்தப்பா கும்பிட்டார். "நல்ல காரியத்துக்குப் போறப்ப மரை எதுக்க வந்தா மகாலச்சுமியே வந்த மாதிரிடா."

(சித்தப்பாவுக்குச் சகுனம் என்பது தேவைக்கேற்ப அந்த இடத்திலேயே தயாராகும் பொருள்.)

எனக்கு ஓர் ஆசை வந்தது. அதோடு ஒரு படம் எடுத்துக் கலாவுக்கு அனுப்பினால் எப்படியிருக்கும்? பக்கத்தில் மிருகங்களுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்று மூன்று மொழியிலும் பலகை. தமிழில் இருந்த எழுத்துப் பிழையைக்கூட அம்மாவை எழுப்பிச் சுட்டிக்காட்டினேன். பிறகு வேன் கதவைத் திறந்து, ஒரு பரிசத் தட்டை மடியில் வைத்து, அதிலிருந்த சீப்பில் ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து நீட்டினேன்.

மரை ஒரு பழத்தோடு நிற்கிற சாதி இல்லை. கழுத்து வரை வேனுக்குள் வந்து சீப்பை முடித்தது. வெற்றிலையை முடித்தது. நான் கைபேசியை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தேன். தட்டின் மறுபக்கத்தில் பரிசச் சேலை இருந்தது. அம்மா ஹட்டனில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த அரக்குப் பட்டு. மேலே சுற்றியிருந்த மல்லிகைச் சரம் கொம்பில் மாட்டியது.

தலையை இழுத்தபோது சேலையும் கூடவே போனது. மிரண்ட மரை தலையை உதறியது. மடிப்பு அவிழ்ந்து ஆறு கஜமும் விரிய, அது புல்வெளியில் ஓட்டம் எடுத்தது. முந்தானை பின்னால் பறந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினேன். பத்தாவது எட்டில் சேற்றில் விழுந்தேன். சுற்றுலா வந்தவர்கள் கைதட்டினார்கள். வனக் காவலர் வந்து சிங்களத்தில் என்னைத் திட்டினார். என்ன தொழில் என்று கேட்டார். ஆசிரியர் என்றதும் இன்னும் கொஞ்சம் திட்டினார்.

அரைமணி நேரம் அந்தக் கடா பட்டுச்சேலையோடு மேய்ந்தது. அம்மா வேனுக்குள் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் இரண்டு வருடத் தவம் ஒரு சீப்பு வாழைப்பழத்தில் போய்விட்டதே என்றிருந்தது. ஒரு வழியாக அது மரத்தில் தலையைத் தேய்க்க, சேலை கிளையில் சிக்கிக்கொண்டது. காவலரே போய் எடுத்துவந்து தந்தார். இரண்டு ஓட்டை, கொஞ்சம் சேறு, நிறைய வாடை. துடைத்து, ஓட்டை உள்ளே போகும்படி மடித்தோம். பழத்தையும் வெற்றிலையையும் மற்றத் தட்டுகளிலிருந்து எடுத்து நிரவினோம். யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சித்தப்பா நிமால் அண்ணனிடம்கூடச் சத்தியம் வாங்கினார்.

பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்டாக்கையா என் வேட்டியில் இருந்த சேற்றைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். தட்டு மாறியது. பரிசச் சேலையை உடுத்திக்கொண்டு பெண் சபைக்கு வர வேண்டும், அதுதான் முறை. கலா உள்ளே போனாள். வருவதாகக் காணோம். வந்தபோது சேலையைக் கட்டியிருக்கவில்லை, கையில் வைத்திருந்தாள்.

"சேலை பூரா முடியா ஒட்டியிருக்கு. எனக்கு முன்னாடி இத யாரு கட்டுனது?"

பரிசத்துக்கு இன்னொருத்தி கட்டின சேலையைக் கொடுப்பதைவிடப் பெரிய அவமானம் எங்கள் பக்கம் கிடையாது. கண்டாக்கையா எழுந்து நின்றார். சித்தப்பா கூரையைப் பார்த்தார்.

"மரைங்க," என்றேன்.

"என்னா மரை?"

நடந்ததைச் சொன்னேன். கண்டாக்கையா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொட்டையா, கடாவா?"

அந்த நேரத்திலும் வியாதி விடவில்லை. "கடாதாங்க. மரையில பொட்டைக்குக் கொம்பே இருக்காது. கடாவுக்கும் அது நெரந்தரம் இல்லீங்க, விழுந்து விழுந்து மொளைக்கும். மாட்டுக் கொம்புதான் விழாது. அதனால மாணவர்களே..."

'மாணவர்களே' என்று நான் சொன்னதாக நாற்பது பேர் சாட்சி சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

கலா சேலையை உதறித் தோளில் போட்டாள். "கடான்னா பரவால்லப்பா. பொட்டையா இருந்திருந்தாதான் நான் கட்டியிருக்க மாட்டேன்."

முதலில் சிரித்தது கண்டாக்கையா. அப்படி அவர் சிரித்து அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லையாம். ராகு காலம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, மரை வாடையோடு என் பரிசம் நடந்தேறியது. கடா கட்டின சேலை கட்டினவளுக்குத் தீர்க்க ஆயுசு என்று சித்தப்பா உடனே அறிவித்தார்.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மரைதான் எனக்கு மூத்த தாரம். கோபம் வந்தால் கலா, "மூத்தவக கிட்டயே போயிருங்க" என்பாள். தீபாவளிக்குப் புதுச்சேலை எடுத்தால், மூத்தவருக்கும் ஒன்று எடுத்தீர்களா மாப்பிள்ளை என்று மாமனார் மறக்காமல் விசாரிப்பார்.

போன வருடம் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா கூட்டிப்போனேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் வந்தாள். புல்வெளியில் ஒரு பெரிய கடா தெரிந்தது. நான் ஒலிபெருக்கியை எடுத்து, கொம்பை வைத்து ஆண் மரையை அடையாளம் காணும் முறையை விளக்கி முடித்தேன். பஸ்ஸே அமைதியாகக் கேட்டது. மகள் சன்னலோரத்தில் எழுந்து நின்று கையைக் காட்டினாள்.

"அந்தா, எங்க பெரியம்மா."