பதினைந்தாவது நிகழ்வு

1. திங்கட்கிழமை காலை, எங்கள் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் ‘எதிர்வரும் நிகழ்வுகள்’ பக்கத்தை இணையத்தில் வெளியிட்டேன்.

2. கலை வாரத்துக்கான அந்தப் பக்கத்தில் பதினான்கு நிகழ்வுகள் இருக்க வேண்டும். பதினைந்து இருந்தன.

3. பதினைந்தாவது, பக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நானே கற்பனையில் உருவாக்கிப் போட்டது.

4. மதியத்துக்குள் அதற்கு அறுபத்தெட்டுப் பேர் பதிந்துவிட்டார்கள். அதே பக்கத்திலிருந்த கல்வெட்டு உரைக்கு நான்கு பேர். (அதில் ஒருவர் உரையாளரின் மனைவி.)

5. பதினைந்தாவது நிகழ்வின் பேச்சாளரான பேராசிரியர் இராசமலர் என்று உலகில் ஒருவரும் இல்லை. இராசமலர் மட்டும் இருக்கிறார். கொழும்பு வெள்ளவத்தையில், ஏழாம் மாடியில். என் அம்மா.

எதையும் பட்டியல் போட்டுச் செய்பவர்கள் தவறு விடுவதில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைப் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. கணினி படித்துவிட்டு, கலைப்பீடத்தின் தொழில்நுட்பப் பிரிவில் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். கலை வாரம் முடிந்ததும் வேலை நிரந்தரமாகும், அல்லது ஆகாது. ஆகவே அந்தப் பக்கத்துக்கென்று முப்பத்தொரு அம்சங்களில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்திருந்தேன். முப்பத்தோராவது: ‘மாதிரி நிகழ்வை நீக்குக.’ அதற்கு நேரே சிவப்பு மையில் அழகாக டிக் போட்டிருந்தேன். டிக் போட்ட திருப்தியில் நீக்க மறந்துவிட்டேன். (இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது அடுப்பை அணைத்துவிட்டேன் என்றால், “நிப்பாட்டினனியோ, டிக் போட்டனியோ?” என்றுதான் கேட்பார்கள்.)

மாதிரிக்கு ‘டெஸ்ட் 1’ என்று போட்டிருந்தால் ஒருவரும் ஏமாந்திருக்கமாட்டார்கள். ஆனால் நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். தலைப்பு வேண்டுமே என்று சுற்றிவரப் பார்த்தேன். அன்று காலை எங்கள் மாடிக்கட்டட லிஃப்டில் அம்மா யாருடனோ போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. ‘லிஃப்டும் தமிழரும்: வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் ஒரு பண்பாட்டு நோக்கு’ என்று தட்டினேன். பேச்சாளருக்கு அம்மாவின் பெயரையே போட்டேன். பெயருக்கு முன்னால் வரும் பட்டத்தைத் தெரிவு செய்யும் பெட்டியில் முதலாவதாக ‘பேராசிரியர்’ இருந்தது. அப்படியே விட்டேன். பல்கலைக்கழகங்கள் முப்பது வருடம் எடுத்துக் கொடுப்பதை நான் மூன்று விநாடியில் கொடுத்தேன்.

பக்கத்தை வெளியிட்ட அதே கணத்தில் அழைப்பிதழ்கள் தாமாகவே எல்லோருக்கும் பறந்துவிடும். அந்த வசதியைச் செய்ததும் நான்தான். அதற்காக என்னைப் பாராட்டியிருந்தார்கள்.

இரண்டு மணிக்கு நஸீரா மேடம் கூப்பிட்டார். சமூகவியல் பேராசிரியர், கலை வாரத்தின் ஒருங்கிணைப்பாளர், என் நிரந்தர நியமனத்துக்குப் பரிந்துரை எழுத வேண்டியவர். மூன்றும் ஒருவரே.

“தர்சிகா, இவ யாரு? கொழும்பில எனக்குத் தெரியாம ஒரு புரொபசர் ஈக்கிறாவா?”

மூன்று விதமான பதில்களை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். மூன்றும் பொய். ஆகவே, “எங்கட அம்மா, மேடம்” என்று சரிபார்ப்புப் பட்டியலைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அழிச்சிடுறன் மேடம். மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் அனுப்பிறன்.”

“ஏலாது மகள். வைஸ் சான்சலர் டயரில எழுதிட்டார். பதினஞ்சுக்குள்ள இதத்தான் தெரிவு செஞ்சீக்கிறார். சரி, உங்கட உம்மாக்கு லிஃப்டப் பத்தி என்ன தெரியும்?”

“அவதான் எங்கட பில்டிங் கமிட்டி செக்ரட்டரி. பதினொரு வருஷமா.”

மேடம் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “பேருக்கு முன்னால ஈக்கிற புரொபசர வெட்டுங்க. திருத்தம் எண்டு எல்லாருக்கும் அனுப்புங்க. மத்தது அப்படியே ஈக்கட்டும்” என்றார். நான் கதவருகே போனதும், “உம்மா சொதப்பினா, உங்கட கடிதத்தில நான் சைன் வைக்கமாட்டன். வெளங்குதா?” என்றார்.

நன்றாகவே விளங்கியது.

வீட்டில் எப்படி விடயத்தைத் தொடங்குவது என்று பேருந்தில் ஐந்து குறிப்புகள் எழுதினேன். கதவைத் திறக்கும்போதே அவை வீணாயின. கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, ஸ்பீக்கர் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீ எப்ப புரொபசரானனீ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! எங்கட கோயில் வட்ஸப் குரூப்பில வந்துதான் தெரியும்!”

அம்மா என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், முப்பத்தோராம் இலக்கம் உட்பட.

“லிஃப்டைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்கோணுமோ?” என்று அம்மா கேட்டார்.

“ஓம் அம்மா. பயப்பிடாதேங்கோ, நான் ஸ்லைட் செய்து தாறன்.”

“அதில்லைப் பிள்ளை. ஒரு மணித்தியாலம் போதுமோ?”

நான் இருபத்துநான்கு ஸ்லைடுகள் செய்தேன். லிஃப்ட் பழுதான நாட்களுக்கு ஒரு வரைபடமும் அதில் உண்டு. அம்மா அவற்றை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பச்சை ஃபைலை இறக்கித் தூசி தட்டினார், அவ்வளவுதான். ஒத்திகை பார்ப்போம் என்றால், “உனக்கெதுக்கு, நீ தினமும் கேக்கிறதுதானே” என்று அடுப்படிக்குப் போய்விடுவார்.

நிகழ்வு நாள் வந்தது. லிஃப்டைப் பற்றிய உரை என்றதும் லிஃப்ட் நடுவில் நின்று அம்மாவும் துணைவேந்தரும் உள்ளே அகப்பட்டிருப்பார்கள் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. எங்கள் கலைப்பீடத்தில் லிஃப்டே இல்லை. மண்டபம் மூன்றாம் மாடியில். துணைவேந்தர் வந்து சேர்ந்தபோது கைக்குட்டை முழுக்க நனைந்திருந்தது. சித்தி கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வான் வண்டி நிறையப் பெண்களைக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் ஒவ்வொரு படியிலும் கடவுளைக் கூப்பிட்டபடி ஏறினார்கள். குத்துவிளக்கு ஏற்றி முடிய, நஸீரா மேடம் என்னைப் பார்க்காமலே உட்கார்ந்தார்.

அம்மா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“மூண்டு மாடி ஏறி வந்த எல்லாருக்கும் வணக்கம். லிஃப்டின்ர அருமை இப்ப விளங்கியிருக்கும். நான் இறங்கட்டோ?”

முதலில் சிரித்தவர் துணைவேந்தர். அதற்குள் நான் முதல் ஸ்லைடைப் போட்டுவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்து, ஒலிவாங்கியிலேயே, “அதை நிப்பாட்டு பிள்ளை, ஆக்களின்ர கண் அங்க போகுது” என்றார். நூற்றைம்பது பேருக்கு முன்னால் என் இருபத்துநான்கு ஸ்லைடுகளும் அணைந்தன.

பிறகு அந்தப் பச்சை ஃபைலைத் திறந்தார். பதினொரு வருடமாக லிஃப்டுக்குள் அவர் எழுதி ஒட்டிய அறிவித்தல்கள் எல்லாம் அதில் இருந்தன. அவற்றின் கீழே, பெயர் போடாத குடியிருப்பாளர்கள் கிறுக்கிய பதில்களும் இருந்தன. ஒவ்வொன்றாக வாசித்தார்.

‘ஈரக்குடையை லிஃப்டினுள் விரித்து வைக்க வேண்டாம்.’ கீழே: ‘மூடினால் தண்ணீர் என் காலில் ஊற்றுகிறது.’

‘மீன் கொண்டு செல்வோர் இரண்டு பைகளில் கட்டவும்.’ கீழே: ‘நேற்று வந்தது என்ன மீன்? எங்கே வாங்கினீர்கள்?’

‘மின்வெட்டு நேரத்தைப் பார்த்து ஏறவும்.’ கீழே, நடுங்கிய எழுத்தில்: ‘பார்க்கவில்லை. இதை உள்ளேயிருந்து எழுதுகிறேன்.’

மண்டபம் உருண்டு சிரித்தது. “எங்கட சனம் லிஃப்டில ஏறினா முதலாம் மாடியில எந்த ஊர் எண்டு கேக்கும்,” என்றார் அம்மா. “மூண்டாம் மாடியில சொந்தம் எண்டு கண்டுபிடிக்கும். ஆறாம் மாடி தாண்டினா கலியாணப் பேச்சு. அதால கலியாணம் கட்டாத பிள்ளையள் எல்லாம் படியால போகுதுகள்.” (நான் படியால்தான் போகிறேன். உடற்பயிற்சிக்காக.)

கடைசியாக ஒரு மஞ்சள் தாளை எடுத்தார். ஊரடங்கு நாட்களில் ஒட்டியது. ‘நாலாம் மாடி ஐயா தனியே இருக்கிறார். சாமான் வாங்கப் போகிறவர்கள் அவரிடமும் கேட்டுவிட்டுப் போகவும்.’ அதன் கீழே வாசகம் எதுவும் இல்லை. வீட்டு இலக்கங்கள் மட்டும், ஒன்றன் கீழ் ஒன்றாக, வெவ்வேறு கையெழுத்துகளில்; ஐயாவிடம் கேட்டுவிட்டுப் போனவர்கள் போட்டவை. அம்மா எல்லா இலக்கங்களையும் நிதானமாக வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. நஸீரா மேடம் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் மொழியியல் மாணவர் ஒருவர் எழுந்து, “உங்களுடைய ஆய்வு முறை என்ன?” என்று கேட்டார்.

“ஒட்டிப்போட்டுப் பாக்கிறது தம்பி,” என்றார் அம்மா. “ஆரும் கிழிச்சா, உண்மையைத்தான் எழுதியிருக்கிறன் எண்டு அர்த்தம்.”

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. அடங்குமுன்பே சித்தி எழுந்துவிட்டார். “கொட்டாஞ்சேனையில இதைவிட நல்ல சண்டையள் நடக்குது! வெள்ளவத்தைக்கு மட்டும் ஏன் மேடை?” வான் வண்டியில் வந்த பெண்கள் அனைவரும் ஓம் ஓம் என்றார்கள். ஒரு மணித்தியாலம் போதவில்லை. ஒன்றே முக்கால் ஆனது.

படியிறங்கும்போது நஸீரா மேடம் என் தோளில் தட்டினார். “அந்த ஃபைல ஸ்கேன் பண்ணோணும், தர்சிகா. ஒரு தாளும் விடாம. இதுக்கு முப்பத்திரண்டு அயிட்டத்தில லிஸ்ட் போடுங்க.” இரண்டு படி இறங்கி, “கடிதம் நாளைக்கு வரும்” என்றார்.

கடிதம் வந்தது. இப்போது நான் நிரந்தர ஊழியர். கோப்பு ஸ்கேன் செய்து முடிந்து பீட நூலகத்தில் இருக்கிறது. எங்கள் லிஃப்டில் ஆட்கள் இப்போது தங்கள் கிறுக்கலும் நூலகத்துக்குப் போகும் என்ற எண்ணத்தில் கையெழுத்தைத் திருத்தி எழுதுகிறார்கள். அடுத்த கலை வாரத்துக்கு விண்ணப்பம் திறந்த அன்று முதலாவதாக வந்தது கொட்டாஞ்சேனைச் சித்தியுடையது: ‘மொட்டைமாடியும் உடுப்புக் கொடியும்.’ அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. சித்தி தினமும் காலை ஏழு மணிக்கு அழைக்கிறார்.